ஸ்பிரிங்குக்கு என் எடை தெரியாது!

மாமா 85 கிலோ, நான் 52. வண்டி ஒண்ணுதான்: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ. அவருக்கு மெத்தை, எனக்கு மாட்டுவண்டி! கல்லுப் பாதையில் பின்சக்கரம் உதைக்கிற உதையில் ஹேண்டில் கையை விட்டுப் போகப் பார்க்கும்.

நம்மாளுங்க உடனே டேம்பிங் ஸ்க்ரூவைத் திருகுவாங்க. அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது 'சேக்'. அதாவது, ஆள் ஏறினதும் வண்டி எவ்வளவு அமுங்குதுங்கறது. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவச்சு, ஆக்சிலுக்கும் நேர் மேலே ஒரு புள்ளிக்கும் நடுவே டேப்பில் அளக்கணும். ஹெல்மெட், பூட்ஸோட ஏறி உட்கார்ந்ததும் இன்னொருத்தர் திரும்ப அளக்கணும். வித்தியாசம் மொத்த அசைவில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு இருந்தா நல்லது. இந்த வண்டியின் பின்பக்க அசைவு 220 மி.மீ., அப்போ 70 சொச்சம். எனக்கு 50கூட வரலை. ப்ரீலோடைத் தளர்த்தினதும் வந்தது.

ப்ரீலோடை இறுக்கினா ஸ்பிரிங் கடினமாகும்னு பல பேர் நினைக்கறாங்க. கிடையாதுங்க, வண்டி நிக்கிற உயரம்தான் மாறும். தளர்த்தித் தளர்த்தி, ஆள் ஏறாமலே வண்டி ரொம்ப அமுங்கி நின்னா, ஸ்பிரிங்கே உங்க எடைக்கு அதிகம்னு அர்த்தம். மாத்தத்தான் வேணும். (செலவுதான்!)

க்ளிக் வேலை இதுக்கப்புறம்தான். இன்னமும் உதைச்சா, ரீபவுண்டை ஒவ்வொரு க்ளிக்கா மெதுவாக்கலாம். ரொம்ப மெதுவாக்கினா, வரிசையா கல் வரும்போது ஷாக் நீளறதுக்குள்ள அடுத்த கல் வந்துடும்.