சீமையில் வீடு வாங்கிய கதை

‘வீட்டைக் கட்டிப்பார், கலியாணஞ் செய்துபார்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டாமலே விலைக்கு வாங்குவோரைப் பற்றியும், அதிலும் கடல் கடந்த நாட்டில் வாங்குவோரைப் பற்றியும் அவர்கள் ஒன்றுஞ் சொல்லவில்லை. 2025ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே ஒரு சிறு வீடு வாங்கப் புகுந்து நாம் பட்ட பாட்டைச் சொன்னால் அக்குறை சிறிதேனும் நீங்கலாம். பிள்ளையின் வீட்டுக்கென்று ஊரிலே காணி விற்றுப் பணம் அனுப்பும் பெற்றோர் பலர் இதனைப் படிப்பராதலால், எமது பிழைகளையும் மறையாது எழுதுகின்றோம்.

யாழ்ப்பாணத்தில் காணி வாங்குவதில் நாம் புதியவரல்லேம். எல்லை எது, உடன்பங்காளி யார், ஈடு ஒற்றி ஏதும் உண்டோ என்று விசாரித்து, நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடிக்கும் வழக்கத்திலே வளர்ந்தோம். அந்த அறிவே இலண்டனுக்கும் போதும் என்று எண்ணியதுதான் எமது முதற் பிழை.

முதலிற் பார்த்த வீட்டுக்கு விலை பேசி முடித்தோம். சொந்தக்காரர் கைகுலுக்கித் தேநீருந் தந்தார். வீடு எமதாயிற்று என்று மகிழ்ந்து, குடியிருந்த வாடகை வீட்டை விடுவதாக அறிவித்தும் விட்டோம். ஆறு கிழமை கழித்து, வேறொருவர் கூடிய விலை தருகின்றார் என்று சொல்லி அவர் விலகிக் கொண்டார். சட்டத்தரணிக்கும் கட்டடப் பரிசோதகருக்கும் கொடுத்த பணம் கொடுத்ததுதான். இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலவிற்பனை ஒப்பந்தம் எழுத்திலே கையொப்பத்தோடு அமைதல் வேண்டும். இருபாலாரும் கையொப்பமிட்ட பத்திரங்களைப் பரிமாறிக் கொள்ளும் நாள் வரையும் வாய்ச்சொல் எவரையும் கட்டாது. பரிமாறிய பின்னரோ கதை மாறிவிடும். அப்போது வாங்குவோர் வழக்கமாகக் கட்டும் நூற்றுக்குப் பத்து வீதமான முற்பணம், அவர் பின்வாங்கினால் பறிபோகும். ஆகவே, பத்திரம் பரிமாறு முன் வாடகை வீட்டை விடாதீர். வங்கிக் கடன் உறுதியாகு முன் பத்திரம் பரிமாறாதீர்.

இரண்டாவதாக ஒரு மாடிவீடு மலிவாக வந்தது. மலிவின் காரணம் பின்னரே தெரிந்தது. அங்கே மாடிவீடுகளிற் பெரும்பாலானவை அறுதியாக விற்கப்படுவதில்லை. நீண்ட காலக் குத்தகையாகவே கைமாறும். அவ்வீட்டுக் குத்தகையில் 68 ஆண்டுகளே எஞ்சியிருந்தன. எண்பதுக்குக் குறைந்துவிட்டால் குத்தகையை நீட்டிக்க நிலத்துக்குடையவருக்கு மேலதிகமாக ஒரு தொகை கொடுத்தல் வேண்டும் என்பது பழைய விதி. 2024ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்க வழி செய்திருப்பினும், அச்சட்டத்தின் பிரிவுகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருமாறு அமைந்தவை. எஞ்சிய ஆண்டுகள் எத்தனை, ஆண்டுதோறும் பராமரிப்புக்குக் கட்டுவது எவ்வளவு, கூரையும் மின்தூக்கியும் பழுதானாற் செலவு யாரது என்று கேளாமல் மாடிவீட்டுக்கு விலை பேசுதல், ஆழம் பாராமற் கிணற்றில் இறங்குவதையே ஒக்கும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தாரே என்று ஆறுதலடைவோரும் உளர். அவர் தம் வங்கியின் கடனுக்கு அவ்வீடு ஈடாகுமா என்றுதான் பார்ப்பார். சுவரின் ஈரமும் அத்திவாரத்தின் வெடிப்பும் அறிய, நாமே தனியாக ஒரு பரிசோதகரை அமர்த்துதல் வேண்டும்.

மூன்றாவது வீடு எமக்கு வாய்த்தது. விலை 400,000 பவுண். பத்திரங்களெல்லாம் ஆயத்தமான வேளையில் எமது சட்டத்தரணி ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் இருவரில் எவருக்காவது உலகில் எங்கேனும் வீடு உண்டா?”

‘இல்லை’ என்ற சொல் எமது நாவின் நுனி வரையும் வந்துவிட்டது. மனைவியார்தாம் மெல்லச் சொன்னார்: “கொக்குவில் வீடு என்ரை பேரிலையெல்லோ இருக்கு?”

அது அவருடைய சீதன வீடு. போர்க்காலத்திற் கூரையிழந்து, பின்னர் திருத்தப்பட்டது. அங்கே எமது மாமியாரும், அவரைப் பராமரிக்கும் மைத்துனியுமே வாழ்ந்து வந்தனர். நாம் பல்லாண்டுகளாக அதிற் குடியிருக்கவில்லை. வாடகையாக ஒரு சதமும் பெற்றதில்லை. ஆயினும் இங்கிலாந்தின் முத்திரை வரிச் சட்டத்துக்கு அது எமது வீடே.

கணக்கைக் கேளுங்கள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, எங்குமே வீடு வைத்திராதவர் முதன்முறையாக 400,000 பவுணுக்கு வாங்கினால் வரி 5,000 பவுண். முன்னர் வீடு வைத்திருந்து, இப்போது வேறொன்றும் இல்லாதவருக்கு 10,000 பவுண். வேறு வீடு இருக்கவே வாங்குபவருக்கு, முழு விலையிலும் நூற்றுக்கு ஐந்து கூடி, 30,000 பவுண். இந்த மேலதிக வரி 2016இல் மூன்று வீதமாகத் தொடங்கி, 2024 ஒக்டோபர் இறுதியில் ஐந்து வீதமாயிற்று. அந்த மற்றைய வீடு கொக்குவிலில் இருந்தால் என்ன, கொழும்பில் இருந்தால் என்ன? 40,000 பவுணோ அதற்கு மேலோ பெறுமதியுடையதாயின் அது கணக்கில் வரும். கணவன் பெயரில் மட்டும் வாங்கினாலும் மனைவியின் வீடு சேர்த்தே எண்ணப்படும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் பெயருக்கு மாற்றினாலும் பயனில்லை. வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டே அங்கு வாங்குவோருக்கு இரண்டு வீத வரி வேறு உண்டு. இவை இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் உரியவை; ஸ்கொத்லாந்திலும் வேல்ஸிலும் வரிமுறை வேறு.

அன்றிரவு உறவினர் ஒருவர் வந்தார். “தம்பி, யாழ்ப்பாணத்துத் தோம்பை இங்கை ஆர் வந்து பார்க்கப் போறான்? இல்லையெண்டு எழுதிவிடு” என்றார். இருபதினாயிரம் பவுண் எமக்குச் சிறு தொகையன்று; அவர் சொல் இனித்தது என்பதை ஒளிக்க மாட்டோம். ஆனால் ‘இல்லை’ என்று கையொப்பமிட்டால், பொய்ப் பிரகடனம் என்ற குற்றத்தோடு இன்னொன்றும் நிகழும். எம்மை ஆளாக்கிய வீட்டை நாமே இல்லையென்று எழுதிக் கொடுத்தவராவோம். மனைவியார் அன்றிரவு உறங்கவில்லை.

மறுநாட் காலை அவரே ஒரு வழி சொன்னார். தாயாரைத் தாங்கி நிற்கும் தங்கைக்குத் தனக்கென ஒரு வீடில்லை. ‘பிறகு பார்த்துக் கொள்வோம்’ என்று நாம் ஆண்டுக்கணக்கில் தள்ளி வந்த கடமை அது. இலண்டனில் அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதி அனுப்பி, ஊரிலே நொத்தாரிசு மூலம் அவ்வீட்டைத் தங்கைக்கு நன்கொடை உறுதியாக எழுதுவித்தோம். யாழ்ப்பாணத்து 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி மனைவியின் ஆதனத்தை அவ்வாறு கொடுக்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும்; அதனையும் கொடுத்தோம். தங்கை ஏற்றுக் கையொப்பமிட்டு, உறுதி பதிவான பின்னரே இலண்டன் வீட்டை முடித்தோம். நாமிருவரும் சேர்ந்து வாங்கியமையாலும், மனைவியார் முன்னர் வீடு வைத்திருந்தமையாலும், முதன்முறை வாங்குவோர்க்குரிய சலுகை கிட்டவில்லை. 10,000 பவுண் கட்டினோம். உள்ளது உள்ளபடி எழுதினோம்.

இதனைப் படித்து எல்லோரும் இவ்வாறே செய்யலாம் என்று எண்ணற்க. மெய்யாகவே கொடுக்க மனமுள்ளவரே கொடுக்கலாம். பெயரளவில் மாற்றிப் பின்னர் மீட்கலாம் என்று எண்ணினால், வரித் திணைக்களத்தோடு மட்டுமன்றிச் சகோதரத்தோடும் வழக்காடும் காலம் வரும்.

மற்றுமோர் எச்சரிக்கை. பணம் அனுப்பும் நாளிலே, ‘எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று சட்டத்தரணியின் பெயராற் கள்வர் மின்னஞ்சல் அனுப்புவதுண்டு. முன்னரே அறிந்த தொலைபேசி இலக்கத்தில் அழைத்து, அவர் வாயாற் கேட்டறிந்த பின்னரே ஒரு பவுணையும் அனுப்புங்கள்.

உறுதி முடிந்த நாள் மைத்துனி பேசினார். “அக்கா, வீடு என்ரை பேரிலை எண்டாலும் உங்கடை அறையை நான் ஒருதருக்கும் குடுக்கேல்லை” என்றார். மனைவியார் மறுமொழி சொல்ல மாட்டாமல் தொலைபேசியை எம்மிடம் தந்தார்.

அந்நிய நாட்டில் வீடு வாங்கப் புறப்படும் அன்பர்களே, அங்குள்ள சுவரையும் கூரையையும் பார்க்குமுன், ஊரில் உங்கள் பெயரில் உள்ளது என்னவென்று பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய உறுதிகளை எடுத்துக் கொண்டுபோய்ச் சட்டத்தரணியின் முன் வையுங்கள். அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.