குரலுக்கும் ஒரு பெயர் உண்டு

போன வருடம் தரம் 11 இல் படித்தபோது கலைவிழாவுக்காக ஒரு நாடகம் எழுதினேன். வெள்ளத்தில் வீட்டைவிட்டுப் போக வேண்டிய ஒரு குடும்பத்தின் கதை அது. அதில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று உண்டு. அது மேடைக்கு வராது, உள்ளறையிலிருந்து குரல் மட்டும் கேட்கும். எங்கள் வகுப்பில் யார் பேசிப் பார்த்தாலும் பெரியவர்கள் கொஞ்சுவது போலவே இருந்தது. கடைசியில் தரம் 8 தங்கச்சி ஒருத்தியை அழைத்து வந்தோம். திரைக்குப் பின்னால் நின்று, "உம்மா, என்ட பூனக்குட்டி எங்க?" என்று அவள் கேட்டபோது மண்டபமே அமைதியாகிவிட்டது.

நிகழ்ச்சித் தாளைத் தட்டச்சு செய்தவள் நான். எழுத்து, நெறியாள்கை, நடிப்பு, ஒப்பனை என்று எல்லோர் பெயரையும் போட்டேன். அவளுடைய பெயரைப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். தாளில் இடம் போதவில்லை. 'நாலே நாலு வசனம், அதுவும் குரல்தானே' என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் இடைவேளையில் அவள் வந்தாள். "ராத்தா, அந்தத் தாள்ல ஒண்டு தாங்க, உம்மாட்ட காட்டணும்" என்றாள். கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். பிறகு மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வருடம் ஊடகப் பாடத்துக்காக மொழிமாற்றக் குரல் பற்றி ஓர் ஒப்படை எழுத வேண்டியிருந்தது. தேடிப் போன இடத்தில் மெக்சிக்கோ நடிகை ஒருவரைச் சந்தித்தேன். பெயர் மரியா அன்டோனியெட்டா டி லாஸ் நியேவெஸ்.

ஆங்கிலப் படங்களையும் தொடர்களையும் ஸ்பானிய மொழிக்கு மாற்றி லத்தீன் அமெரிக்கா முழுவதற்கும் அனுப்பும் வேலை நெடுங்காலமாக மெக்சிக்கோவில்தான் பெரிதும் நடந்து வருகிறது. மரியா சிறு வயதிலேயே அந்த வேலைக்கு வந்தவர். அது இலேசான வேலை அல்ல. திரையில் தெரியும் வாய் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூட வேண்டும். இரண்டு உதடுகளும் சேர்ந்தால்தான் 'ப', 'ம' பிறக்கும் என்று இலக்கணத்தில் படித்தோமல்லவா? திரையில் உதடு சேரும் இடத்தில் அப்படியோர் எழுத்து விழாவிட்டால் பார்ப்பவருக்கு உடனே பொய் தெரிந்துவிடும். இத்தனையும் செய்தாலும் பார்ப்பவர் மனதில் நிற்பது திரையிலுள்ள முகம்தான்.

1970களில் ரொபெர்ட்டோ கோமெஸ் பொலானியோஸ் என்ற எழுத்தாளர், நடிகர், 'எல் சாவோ டெல் ஓச்சோ' என்ற நகைச்சுவைத் தொடரை உருவாக்கினார். ஏழைக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகள், நடுவே ஒரு முற்றம், அங்கே விளையாடும் பிள்ளைகள். அவ்வளவுதான் களம். பிள்ளைகளாக நடித்தவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். மரியாவுக்குக் கிடைத்தது சிலிந்திரினா என்ற எட்டு வயதுச் சிறுமி வேடம். சீனித் துகள்கள் தூவிய ஒரு மெக்சிக்கோப் பணிஸின் பெயர் அது. அவள் முகத்திலும் அப்படிப் புள்ளிகள். மூக்குக்கண்ணாடி, ஏறுமாறான இரட்டைச் சடை, விழுந்த ஒரு முன்பல். பதினான்கு மாத வாடகை பாக்கி வைத்திருக்கும் தகப்பனின் துடுக்கான மகள். அந்தச் சிறுமியின் கொள்ளுப்பாட்டியாக வருபவரும் மரியாதான். எட்டு வயதும் எண்பது வயதும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. திரைக்குப் பின்னால் கற்ற வித்தை முன்னால் வந்தபோது உதவியது.

தொடர் கண்டம் முழுவதும் பரவியது. 1984 இல் பிரேசிலுக்குப் போனபோது போர்த்துக்கேய மொழிக்கு மாற்றினார்கள். அங்கே சிலிந்திரினாவின் பெயர் ஷிக்கீன்யா. அவள் வாயிலிருந்து வந்தது வேறொரு பெண்ணின் குரல். பிறர் முகத்துக்குக் குரல் கொடுத்தவரின் முகத்துக்கே இன்னொருத்தி குரல் கொடுத்தாள். அவளையும் பிரேசில் பிள்ளைகள் காணவில்லை.

பின்னர் ஒரு கேள்வி எழுந்தது. சிலிந்திரினா யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, நடித்தவருக்கா? மரியா அந்தப் பாத்திரத்தைத் தன் பெயரில் பதிவு செய்தார். பொலானியோஸ் அதை ஏற்கவில்லை. வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுபட்டது. 2006 இல் அந்தத் தொடர் கார்ட்டூனாக வந்தபோது முற்றம் இருந்தது, மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள், சிலிந்திரினா மட்டும் இல்லை. 2013 இல் சட்டப் போராட்டம் மரியாவுக்குச் சாதகமாக முடிந்தது. அடுத்த ஆண்டு பொலானியோஸ் காலமானார்.

இதை முதலில் வாசித்தபோது நான் எழுதியவர் பக்கம்தான் நின்றேன். நானும் நாடகம் எழுதியவள் அல்லவா? வசனம் அவருடையது, பெயர் அவருடையது, முற்றமே அவருடையது. ஆனால் பழைய காட்சிகளைப் பார்த்தபோது எனக்கு ஸ்பானிய மொழி ஒரு சொல்லும் விளங்கவில்லை. அப்படியிருந்தும் அவள் அழத் தொடங்கியதும் சிரித்தேன். எனக்கு விளங்காத அந்த வசனம் என்னைச் சிரிக்க வைத்திருக்க முடியாது. அந்தக் குரல்தான் வைத்தது. சட்டம் யாருக்கு என்ன சொன்னாலும், எழுதியவர் தாளில் வைத்ததும் நடித்தவர் அதற்குக் கொடுத்த உயிரும் வேறு வேறு என்று அப்போது விளங்கியது.

"என்ட பூனக்குட்டி எங்க?" என்று நானும் தாளில் மூன்று சொல் எழுதியவள்தான். மண்டபத்தை அமைதியாக்கியது நான் அல்ல.

அன்றிரவே பழைய நிகழ்ச்சித் தாளைத் திருத்தினேன். 'பிள்ளையின் குரல்' என்று ஒரு வரி சேர்த்து அவள் பெயரைப் போட்டேன். இடம் தாராளமாக இருந்தது. மறுநாள் அவளைத் தேடிப்போய், "மன்னிச்சுக்க தங்கச்சி, நான் செஞ்சது பிழை. இதக் கொண்டுபோய் உம்மாட்ட காட்டு" என்று கொடுத்தேன்.

அவள் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்டைக்கே காட்டிட்டன் ராத்தா. அடியில என்ட பேர நானே எழுதித்தான் காட்டின."