ஆணி முதலில், கருவி பிறகு: டெக்சஸ் மரச்சட்டக வீடுகளும் நெய்லர் தேர்வும்

வட அமெரிக்காவில் தனி வீடு என்பது பெரும்பாலும் மரச்சட்டகத்தின்மேல் எழுப்பப்படுவது. டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் நகருக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ முதலிய ஊர்களில், தமிழர் உட்பட இந்தியக் குடும்பங்கள் பல குடியேறியுள்ள புதிய தெருக்களில், வீடுகள் செங்கல்லால் கட்டியவை போலத் தோன்றினாலும், அந்தச் செங்கல் கூரையின் சுமையைத் தாங்குவதில்லை. அது வெளிப்போர்வை மட்டுமே. சுமையைத் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் பைன் மரக் கட்டைகளும், அவற்றைப் பிணைக்கும் ஆயிரக்கணக்கான ஆணிகளும் ஆகும். கனமான உத்தரங்களைத் துளையிட்டுக் குடுமி பொருத்தி இணைத்த பழைய தச்சுமுறைக்கு மாற்றாக, மெல்லியதாக அறுத்த கட்டைகளை இயந்திரத்தில் செய்த மலிவான ஆணிகளால் சேர்க்கும் முறை 1830களில் சிகாகோவில் பரவியது. அதன் வழிவந்த கட்டுமானமே இன்றும் நடைமுறையில் உள்ளது. இத்தகைய வீட்டில் மூட்டின் வலிமை மரத்தின் வடிவத்தில் இல்லை, ஆணியில் இருக்கிறது என்பதால், ஆணியடிக்கும் கருவியைத் தேர்வது வெறும் வசதி பற்றிய கேள்வியாக நின்றுவிடுவதில்லை.

கான்கிரீட் தளம் காய்ந்தவுடன் சட்டகத் தச்சர்களின் குழு வந்து இறங்குகிறது. குழுவில் மூத்தவர் சுவரின் அடிக்கட்டையையும் மேல்கட்டையையும் அருகருகே வைத்து, 16 அங்குல இடைவெளியில் பென்சிலால் குறியிட்டுச் செல்ல, வேறொருவர் ரம்பத்தில் கட்டைகளை ஒரே நீளத்துக்கு அறுத்துத் தள்ளுகிறார். அறுத்த கட்டைகளைக் குறிகளுக்கு நேராகப் பரப்பி, அடிக்கட்டையையும் மேல்கட்டையையும் ஊடுருவி அவற்றின் முனைகளுக்குள் ஆணி இறங்கும்படி அடித்து, சுவர் முழுவதையும் தரையில் படுக்கவைத்தே கட்டி முடித்தபின், நால்வரோ ஐவரோ சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்துகின்றனர். செங்குத்தாக நிற்கும் இந்தக் கட்டைக்கு ஸ்டட் என்று பெயர். டூ-பை-ஃபோர் என அழைக்கப்பட்டாலும் இழைத்து முடித்த நிலையில் அதன் அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலமே. தளத்தில் ஒலிக்கும் மொழி பெரும்பாலும் ஸ்பானிய மொழி. கூலி பல இடங்களில் நாளுக்கு அல்ல, வீட்டின் பரப்புக்குப் பேசப்படுகிறது. கூலி இவ்வாறு கணக்கிடப்படுவது, பின்னர் காணவிருப்பதுபோல, கருவியின் விசை (டிரிகர்) வரை சென்று தொடுகிறது.

ஃபிரேமிங் நெய்லர் என்னும் இக்கருவியின் இயக்கம் எளியது. காற்றழுத்தி இயந்திரத்திலிருந்து குழாய் வழியே வரும் காற்று ஒரு பிஸ்டனைத் தள்ள, அதனோடு இணைந்த எஃகுத் தண்டு சரத்தின் முதல் ஆணியை ஒரே அடியில் மரத்துக்குள் செலுத்துகிறது. பெரும்பாலான மாதிரிகள் சதுர அங்குலத்துக்கு 70 முதல் 120 பவுண்டு வரையிலான அழுத்தத்தில் வேலை செய்கின்றன. எடை மூன்றரை, நான்கு கிலோ இருக்கும். கருவியின் மூக்கு மரத்தில் அழுந்தினால் மட்டுமே ஆணி வெளிப்படும்படி ஒரு தடுப்பும் அதில் உண்டு.

இக்கருவி தச்சரின் கையிலிருந்து எடுத்துக்கொண்டது உழைப்பை மட்டுமன்று. கலிஃபோர்னியாவின் லாரி ஹான் போன்ற சுத்தியல் தலைமுறைத் தச்சர்கள் பெரிய ஆணியையும் ஓரிரு அடியில் இறக்கும் திறம் பெற்றிருந்தனர். ஆணி உள்ளிருக்கும் கட்டையைத் தவறவிட்டால் சுத்தியலின் பிடி வழியே கை அதை உடனே உணர்ந்துவிடும். நெய்லரிலோ ஆணி மரத்தில் பாய்ந்தாலும் வெற்றிடத்தில் பாய்ந்தாலும் ஓசையும் உதையும் ஏறக்குறைய ஒன்றே. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியபின் நடந்த ஆய்வுகளில், பறந்துபோன கூரைப் பலகைகள் பலவற்றில் ஆணிகள் அடியிலிருந்த மரத்தைத் தொடாமலே இறங்கியிருந்தது தெரியவந்தது. கட்டட விதிகளும் ஆய்வாளரின் சோதனையும் ஆணியின்மேல் இவ்வளவு கூர்மையாகக் கவனம் செலுத்துவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஆகவே கருவியைத் தேர்பவர் கடைத்தட்டில் தொடங்காமல் ஆணியில் தொடங்குவதே முறை. அமெரிக்க மாநிலங்கள் பலவும் தழுவியுள்ள சர்வதேச வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, எந்த மூட்டுக்கு எத்தனை ஆணி, எந்த நீளம், எந்தத் தடிமன் என்பதை அட்டவணையாகத் தருகிறது. ஸ்டட்டின் முனையில் அடிக்க மூன்றரை அங்குல நீளமும் 0.162 அங்குலத் தடிமனும் (ஏறத்தாழ 4.1 மில்லிமீட்டர்) கொண்ட ஆணி இரண்டு போதும் என்னும் அதே அட்டவணையின் அண்மைப் பதிப்புகள், 3 அங்குல நீளமும் 0.131 அங்குலத் தடிமனும் (3.3 மில்லிமீட்டர்) உடைய ஆணியானால் மூன்று வேண்டும் என்கின்றன. கருவிகளில் பரவலாக ஓடுவது இந்த மெல்லிய வகையே என்பதால், சுத்தியல் காலத்து எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு ஆணியை மட்டும் மாற்றும் குழு, தன்னை அறியாமலே மூட்டை நலிவாக்குகிறது.

ஆணிகள் சரமாகக் கோக்கப்படும் விதமும் கருவியை வகைப்படுத்துகிறது. 16 அங்குல இடைவெளியில் கட்டையின் தடிப்பைக் கழித்தால் இரு ஸ்டட்களுக்கு நடுவே எஞ்சுவது பதினான்கரை அங்குலம். அதற்குள் கருவி நுழைந்து திரும்ப வேண்டியிருப்பதால் ஆணிக்கூடு சாய்வாக அமைக்கப்படுகிறது. 21 பாகைச் சாய்வுள்ள வகையில் முழுவட்டக் கொண்டையுடைய ஆணிகள் பிளாஸ்டிக்கால் கோக்கப்படுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் பிளாஸ்டிக் துணுக்குகள் சிதறித் தளமெங்கும் கிடப்பது இதன் குறை. 30 முதல் 34 பாகை வரையிலான வகை காகிதப் பட்டையால் கோத்த ஆணிகளை நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். ஆணிக்கூடு குட்டையாகவும் மூலைகளில் நுழைய எளிதாகவும் இருக்கும், ஆனால் ஈரம்பட்ட காகிதம் கருவிக்குள் சிக்கும். இவற்றினிடையே கம்பியால் பற்றவைத்த 28 பாகைச் சரமும், 200க்கு மேற்பட்ட ஆணிகளைத் தாங்கும் 15 பாகைச் சுருளும் உண்டு. பின்னது பெருங்குழுவுக்கு ஏற்றது, தலைக்குமேல் தூக்கி அடிப்பவருக்குச் சுமை.

நெருக்கமாக அடுக்குவதற்காகக் கொண்டையின் ஒரு பக்கத்தை வெட்டிய ஆணிகளைச் சூறாவளி, நிலநடுக்கப் பகுதிகளின் ஆட்சியமைப்புகள் சில ஏற்பதில்லை. கொண்டை சிறுத்தால் பலகையைப் பிடிக்கும் பரப்பும் குறையும் என்பதே அவற்றின் ஐயம். காகிதச் சரத்திலும் கொண்டையைத் தண்டுக்கு ஒருபுறமாக நகர்த்திய முழுவட்ட ஆணிகள் கிடைப்பதால், வாங்குமுன் உள்ளூர் ஆய்வாளரிடம் கேட்பதே தகராறில்லாத வழி. தளத்தை ஒட்டிக் கிடக்கும், பாதுகாப்பு மருந்தூட்டிய அடிக்கட்டைக்கு வேறொரு விதி உண்டு. வீட்டுப் பயன்பாட்டில் ஆர்செனிக் கலந்த மரப் பாதுகாப்பு மருந்து 2003 இறுதியோடு கைவிடப்பட்டபின் அதன் இடத்துக்கு வந்த செம்பு மிகுந்த மருந்துகள் சாதாரண ஆணியை அரித்துவிடுகின்றன; எனவே உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணியோ துருப்பிடிக்காத எஃகு ஆணியோ அங்கே தேவை.

ஆழத்தைச் சரிசெய்யும் சிறு திருகு விளம்பரங்களில் அதிகம் பேசப்படாதது, ஆயினும் களத்தில் முதன்மையானது. மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த ஓஎஸ்பி பலகை சுவரின் வெளிப்பக்கத்தில் அறையப்பட்டு, காற்றின் பக்கவாட்டுத் தள்ளலை எதிர்க்கிறது. கொண்டை பலகையின் மேற்படலத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே புதைந்தால் அந்த எதிர்ப்பு குறைகிறது. அழுத்தத்தைக் கூட்டிவிட்டு ஓசையின் நிறைவில் மகிழும் தச்சர் இதைக் கவனிப்பதில்லை.

குழாயில்லாக் கருவிகள் 1986இல் பாஸ்லோட் நிறுவனத்தின் எரிவாயு நெய்லரோடு சந்தைக்கு வந்தன. இப்போது மின்கலத்தால் சுழலும் உருளையைப் பயன்படுத்தும் டிவால்ட் கருவிகளும், அடைத்துவைத்த நைட்ரஜனின் அழுத்தத்தால் அடிக்கும் மில்வாக்கி கருவிகளும் பரவியுள்ளன. சில மாதிரிகளின் எடை மின்கலத்தோடு 5 கிலோவைத் தாண்டுவதால், நாள் முழுதும் அடிக்கும் குழுக்கள் காற்றுக்குழாயை இன்னும் விடவில்லை. கூரைமேல் குழாய் காலில் சிக்கும் தொல்லைக்கும் பழுதுபார்ப்பு வேலைக்கும் மின்கலமே மேல்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விசை. தொடுவிசை என்னும் வகையில் விரலை விசையிலேயே அழுத்திவைத்து மூக்கை மரத்தில் தட்டத் தட்ட ஆணி பாயும். முழுத்தொடர் விசையிலோ முதலில் மூக்கை அழுத்தி, பிறகே விசையை இழுத்து, ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டையும் விட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். உதையின் வேகத்தில் மூக்கு மீண்டும் பட்டு இரண்டாம் ஆணி எதிர்பாராமல் பாய்வது தொடுவிசைக்கே உரிய ஆபத்து. 2001 முதல் 2005 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் நெய்லர் காயங்களுக்கு ஆண்டுதோறும் சராசரியாக 37,000 பேர் சிகிச்சை பெற்றனர். தொடுவிசையில் காயத்தின் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்பது பயிற்சித் தச்சர்களிடையே நடந்த ஆய்வுகளின் முடிவு. கூலி பரப்புக்குப் பேசப்படும் தளங்களில் தொடுவிசையே வேகம் என்று நம்பப்படுகிறது. ஆனால் அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட கையேடு சுட்டும் ஒப்பீட்டில், தேர்ந்த தச்சர்கள் ஒரே மாதிரியான கொட்டகைகளைக் கட்டியபோது முழுத்தொடர் விசையால் ஆணியடிக்கும் நேரம் 10 விழுக்காடு கூடினாலும், மொத்தக் கட்டுமான நேரத்தில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது.

வீட்டுப் பின்புறத்தில் மரத்தளமோ கொட்டகையோ அமைக்க விரும்பும் தனியாளுக்கு, அண்டைக் கடையில் தட்டுப்பாடின்றி முழுவட்டக் கொண்டை ஆணி கிடைக்கும் 21 அல்லது 30 பாகைக் கருவியில் எதுவும் போதுமானது. ஒரே வேலைக்கானால் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். தொடுவிசையோடு வரும் கருவிகள் பலவற்றுக்கும் முழுத்தொடர் விசை தனி உதிரியாக விற்கப்படுகிறது. கருவியை வாங்கும் நாளிலேயே அதையும் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும்.