ஆர்.வி. வண்டிக்கு பேட்டரி மானிட்டர்: ஒரு வாரக் குறிப்பு

திங்கள்

அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே, பாலைவனப் பொதுநிலத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும், உள்ளேயே வசிக்கத்தக்க ஆர்.வி. வண்டிகளுக்கு மின் இணைப்பு கிடையாது. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃப்ரிட்ஜ் எல்லாமே பேட்டரியை நம்பித்தான். பல வண்டிகளில் அதன் இருப்பைச் சொல்ல நான்கு சிறு விளக்குகளே இருக்கும். அவை பார்ப்பது வோல்ட்டை மட்டும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் ஈய பேட்டரி நிறைந்திருந்தால் சுமார் 12.7 காட்டும், பாதி தீர்ந்தால் சுமார் 12.1. இடைவெளி அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பம்ப் ஓடினால் அளவு இறங்கும், சோலார் பேனலில் வெயில் பட்டால் ஏறும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோ பெரும்பகுதி தீரும்வரை 13 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே நிற்கும். வோல்ட்டை வைத்து அதன் இருப்பைக் கணிக்க முடியாது.

செவ்வாய்

நம்பத்தக்க மானிட்டர், வரவு செலவுக் கணக்குப் பிள்ளைபோல, உள்ளே வந்த ஆம்பியரையும் வெளியே போனதையும் விடாமல் கூட்டிக் கழிக்கிறது. இதற்கு உதவுவது ஷன்ட் என்னும் உலோகத் துண்டு. பரவலாகக் கிடைக்கும் ஷன்ட்டில் 500 ஆம்பியர் பாய்ந்தால் 50 மில்லிவோல்ட் வேறுபாடு தோன்றும். ஃப்ரிட்ஜ் இழுக்கும் 5 ஆம்பியருக்கு அரை மில்லிவோல்ட். அந்த நுண்ணிய வேறுபாட்டை மானிட்டர் ஆம்பியராக மாற்றிப் படிக்கிறது.

புதன்

ஷன்ட்டின் அளவை மிகப் பெரிய சுமையே தீர்மானிக்கும். 2000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தனித் திரை வேண்டுமா, ப்ளூடூத் வழியே கைப்பேசியில் பார்த்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. விக்ட்ரான் பி.எம்.வி.-712 இரண்டையும் தருகிறது. அதே நிறுவனத்தின் ஸ்மார்ட்ஷன்ட்டில் திரை இல்லை. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது; ஆகவே குளிர்ப் பகுதிக்குப் போகும் வண்டிக்கு வெப்பநிலை உணரி அவசியம்.

வியாழன்

பேட்டரியின் நெகடிவ் முனையில் ஷன்ட்டின் பேட்டரிப் பக்கக் கேபிள் மட்டுமே இருக்க வேண்டும். சோலார் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர், வண்டிச் சட்டத்தின் எர்த் எல்லாம் மறுபக்க போல்ட்டில் சேர வேண்டும். ஒரு கம்பி பேட்டரி முனைக்கு நேராகப் போனாலும் அதில் ஓடும் மின்சாரம் கணக்கில் வராது.

வெள்ளி

பேட்டரியின் கொள்ளளவை மானிட்டரில் ஆம்பியர்-மணியில் பதிய வேண்டும். வேகமாக இழுத்தால் ஈய பேட்டரி குறைவாகவே தரும். விஞ்ஞானி பாய்கெர்ட் 1897இல் வகுத்த இந்த விதிக்கான எண் ஈயத்துக்குச் சுமார் 1.25, லித்தியத்துக்கு 1.05. சிறு பிழைகள் நாளடைவில் கூடுவதால், பேட்டரி நிறையும்போது மானிட்டர் தன்னை 100 சதவீதத்துக்குத் திருத்திக்கொள்ளும். சார்ஜ் வோல்ட் உச்சத்தை எட்டி, உள்ளே போகும் ஆம்பியர் மிகக் குறைந்து, சில நிமிடம் அப்படியே நின்றால் அதுவே நிறைந்ததற்கு அடையாளம். இந்த மூன்று அளவுகளும் பேட்டரி தயாரிப்பாளர் சொல்வதற்குப் பொருந்தினால்தான் திரையில் தெரியும் சதவீதத்தை நம்பலாம்.