ஒரு துளி எண்ணெய்

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். நெய் பூசி, பீலி சூட்டிக் காவலில் வைத்திருந்த அவன் ஆயுதங்களைப் புகழ்வதுபோற் பழித்தார். போரிற் பழகாத ஆயுதத்திற்கே அத்தகைய மினுமினுப்பு வாய்க்கும் என்பது குறிப்பு. வேலுக்கு நெய் அழகாக இருக்கலாம். துப்பாக்கிக்கு எண்ணெய் உயிர்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றின் வாயிற்காவலராயுள்ள முன்னாள் படைவீரர் ஒருவர் என் நண்பர். 1962 சீனப் போருக்குப் பின் இந்தியப் படை ஏற்றுக்கொண்ட எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைப் பல்லாண்டு சுமந்தவர். அதில் ஒவ்வொரு குண்டிற்கும் விசையை அழுத்தவேண்டும். அடுத்த குண்டை வெடிவாயுவின் விசையே ஏற்றிவிடும். அவ்வாயு விட்டுச்செல்லும் கரிதான் அதன் பகை.

துப்புரவின் முதற்படி, மேகசினைக் கழற்றி, அறையில் குண்டில்லை என்று கண்ணால் உறுதிசெய்வது. பின்னரே உறுப்புகளைப் பிரிப்பர். கயிற்றின் ஒரு முனையில் பித்தளைக் குண்டும் மறுமுனையில் துணியுமுள்ள 'புல்த்ரூ'வைக் குழலின் பின்புறமிருந்து விட்டு முன்புறமாக இழுப்பர். அத்துணிக்குப் படையில் 'சிந்தி' என்று பெயர். கரி போனபின் மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். சுடுமுன் குழலும் வாயு செல்லும் பாகங்களும் உலர்ந்திருக்க வேண்டும். மிகுந்த எண்ணெய் தூசியை ஈர்க்கும், கருகிக் கரியாகும்.

"எண்ணெய் போடறது பெருசில்லைங்க ஹஜ்ரத், போட்டதைத் தொடைச்சு எடுக்கறதுதானுங்க வேலை" என்பார் நண்பர். எங்கள் ஊர்த் தொழிலாளர் இதை நன்கறிவர். எண்ணெய் குறைந்தால் பின்னல் எந்திரத்தின் ஊசி தேயும். மிகுந்தால் வெள்ளைத் துணியில் கறை விழும். இங்கு மிஞ்சும் பனியன் வேஸ்ட்தான் எத்தனையோ பட்டறைகளில் எந்திரம் துடைக்கிறது.

எண்ணெயின் அளவைப் போலவே, அதைப் பூசிய கையும் முக்கியம். 1857இல் என்பீல்டு துப்பாக்கிக்கான தோட்டா உறைகளில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாகச் செய்தி பரவிற்று. தாமே விரும்பிய பொருளைத் தடவிக்கொள்ளலாம் என்று கம்பெனியார் பின்னர் இசைந்தும் ஐயம் தீரவில்லை. மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த இந்து, முஸ்லிம் குதிரைவீரர் 85 பேர் மே 9ஆம் நாள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. அதற்கு வேறு காரணங்களும் பலவுண்டு. ஆயினும் பிறர் பூசிய கொழுப்பை நம்பமுடியாத நிலையே பொறியாயிற்று.

அரபியில் 'அமான்' என்றால் பாதுகாப்பு. 'அமானத்' என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்டது. இரண்டிற்கும் வேர்ச்சொல் ஒன்றே. தன் கையால் துடைத்த துப்பாக்கியை வீரன் நம்புகிறான். அதை அவனிடம் ஒப்படைத்த நாடும், எதிரே நிற்கும் எளிய மனிதனும் அவனை நம்பவேண்டுமே! கரி துடைப்பதற்கு முன் குண்டை வெளியே எடுக்கும் அந்த முதற்படியில்தான் அந்த நம்பிக்கை தொடங்குகிறது.