மேல்கோட்டை முரசும் மைசூர்க் குதிரைகளும்

மேல்கோட்டை யோக நரசிம்மர் மலையில் படியேறுகிறவர்களில் தமிழர்கள் நிறைய. சோழ நாட்டை விட்டு வந்த ராமானுஜர் தங்கிய ஊர் இது. வைரமுடி உற்சவமும் புளியோதரையும் மற்றவர்களை இழுத்து வருகின்றன. மலைக் கோயிலில் உள்ள பெரிய முரசு திப்பு சுல்தான் கொடுத்தது என்பது ஊர்ச் சொல்.

திப்புவின் இன்னொரு மிச்சம் பக்தர்கள் கண்ணில் படுவதில்லை. வடக்கே, தும்கூர் மாவட்டத்தில் இருக்கும் குனிகல் குதிரைப் பண்ணை அது. அவரது படைக்குக் குதிரை வளர்த்த இடம், பிற்பாடு பந்தயக் குதிரைகளின் தொட்டிலாயிற்று. 1992இல் 30 ஆண்டுக் குத்தகைக்கு விஜய் மல்லையாவின் நிறுவனத்திடம் போனது.

தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் மைசூர். சாமுண்டி மலையடிவாரத்தில், 1891இல் தொடங்கிய பந்தய கிளப். இத்தகைய மைதானங்களில் விடியற்காலையில் வேலியோரம் ஸ்டாப்வாட்சுடன் நிற்கும் பயிற்சியாளர்களில் சிலர் பழைய ஜாக்கிகள். எடை கூடாமல் அரைவயிறு சாப்பிட்டு, விழுந்து எலும்பு முறித்துக்கொண்டவர்கள். உடம்பு ஒத்துழைக்க மறுத்ததும் சேணத்தை விட்டு லாயத்துக்கு வருகிறார்கள். இந்தியன் டெர்பியை 8 முறை வென்ற பெசி ஷ்ராஃப் 2004இல் இப்படித்தான் பயிற்சியாளரானார். அதிலும் கொடிகட்டிப் பறந்தார். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. குதிரையை நம்பி ஒப்படைக்க முதலாளிகள் வேண்டும், லாயத்தில் இடமும் வேண்டும்.

இந்த மாற்றத்துக்கு அயர்லாந்தில் உதாரணங்கள் அதிகம். அங்கே தடை தாண்டும் பந்தயம்தான் உயிர். நம்மூரில் நடப்பதோ வெறும் ஓட்டம். டாமி கார்பெரி 1975இல் லெஸ்கார்கோ என்ற குதிரையில் கிராண்ட் நேஷனலை வென்றார். பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு நத்தை என்று பொருள்! தோற்றது, முந்தைய இரண்டு ஆண்டுகளும் ஜெயித்திருந்த ரெட் ரம். ஏறக்குறைய 7 கி.மீ., 30 தடைகள்; ஆளையும் குதிரையையும் காவு வாங்கும் பந்தயம். அதன்பின் 24 ஆண்டுகள் அயர்லாந்துக் குதிரை எதுவும் அதில் ஜெயிக்கவில்லை. 1999இல் அந்த வறட்சியைத் தீர்த்த பாபிஜோவுக்குப் பயிற்சியளித்தவர் அதே கார்பெரி. ஓட்டியவர் மகன் பால். ஜெயித்த குஷியில் பால், பரிசு முற்றத்தின் கூரை உத்திரத்தைப் பிடித்துத் தொங்கினார். 2017இல் கார்பெரி காலமானார்.

இங்கே ஜாக்கிகளின் அடுத்த படி, நிலத்தின் விலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. குனிகல் குத்தகை 2022இல் முடிந்தது. பண்ணை நிலத்தில் நகரியம் என்ற யோசனை கிளம்ப, உள்ளூரில் எதிர்ப்பும் கிளம்பியது. தமிழ்நாட்டில் 2024 ஜூனில் ஊட்டி மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகை ரத்தாகி, விவகாரம் நீதிமன்றப் படியேறியது.