உறை தைக்கும் கை

ஆனைமலைக் காடுகளில் தாவரக் கணக்கெடுப்பு செய்யும் நண்பர் ஒருவர் சென்னைக்கு வந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய கத்தி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். மடக்குக் கத்தி அல்ல. திருப்பாச்சேத்தியில் லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்தது. அலகு ஐந்து அங்குலத்துக்கும் குறைவு. கொடி அறுக்க, முள் விலக்க, மரப்பட்டையில் மாதிரி எடுக்க என்று நாள் முழுக்க அது இடுப்பில் இருந்தாக வேண்டும். கடையில் வாங்கிய நைலான் உறை ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை. சரிவில் இறங்கும்போது உறையின் அடி பிய்ந்து, கத்தி முனை வெளியே வந்து தொடையைக் கிழித்துவிட்டது. தழும்பைக் காட்டிவிட்டு, "நல்ல தோல்ல ஒண்ணு தைக்கணும். யாரு தைப்பாங்க?" என்றார்.

கொல்லரைத் தேடுவதில் சிரமமே இல்லை. திருப்பாச்சேத்தி என்றால் அரிவாள் என்று தமிழ்நாடே சொல்லும். அந்த இரும்பு, மனித உடம்பைக் கிழிக்காமல் காக்கிற உறைக்கு அப்படி ஓர் ஊர்ப்பெயர் கிடையாது. பெரியமேட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். சிடன்ஹாம்ஸ் சாலையில் திரும்பியதுமே தோல் வாடை வந்துவிடும். வேலூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று எங்கெங்கோ பதனிட்ட தோல்கள் இங்கே சதுர அடிக் கணக்கில் கைமாறுகின்றன. பக்கிள், கொக்கி, ஷூ அடிப்பாகம், நூல், சொல்யூஷன் எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. கத்தி உறை என்றதும் கடைக்காரர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை பீஸ்?" ஒன்று என்றால் அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கடைசியில் பக்கிள் கடை ஊழியர் ஒருவர் எதிர்ச்சந்தைக் காட்டி, "மாடியில ஒரு பெரியவர் இருக்காரு, அவர்கிட்ட கேளுங்க" என்றார்.

சிறிய அறை. தரையில் ஒரு மரக்கட்டை, அதன்முன் சம்மணமிட்டு அந்தப் பெரியவர். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. கத்தியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது விலையைப் பற்றி அல்ல.

"எதுக்குத் தம்பி இந்தக் கத்தி?"

நண்பர் சொன்னார். பெரியவர் முழுதும் கேட்டுக்கொண்டார். "அடிதடிக்கு வெச்சிருக்கறவனுக்கு நான் தைக்கறதில்லைங்க. அவனுக்கு உறை எதுக்கு, சட்டைக்குள்ள ஒளிக்கத்தானே? வேலைக்காரனுக்குத்தான் உறை வேணும்." 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதக் கணக்கில் வைத்துவிட்டு, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் பயன்படுபவற்றை விலக்குகின்றன. சட்டம் போட்ட கோட்டைப் பெரியவர் தன் அனுபவத்தால் போட்டிருந்தார்.

பிறகு கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன. வலக்கையா இடக்கையா? பெல்ட்டில் மாட்டுவதா, பையிலா? ஜீப்பில் உட்கார்ந்து போவீர்களா? உட்காரும்போது பிடி விலாவில் இடிக்கக் கூடாது, அதற்கு மாட்டும் பட்டையைக் கொஞ்சம் தொங்கவிட வேண்டும் என்றார். அட்டையில் கத்தியை வைத்து வரைந்தார். முதுகுப் பக்கத்தை மடிப்பாக வைத்துக் கத்தியைப் புரட்டி மறுபாதியை வரைந்தார். ஒரே தோல், நடுவில் மடிப்பு, வாய்ப் பக்கம் மட்டும் தையல்.

தோலை எடுத்ததும் அவர் பேச்சே மாறியது. குரோம் உப்பில் பதனிட்ட தோலை ஒதுக்கிவிட்டு, "இது பைக்கு, ஷூவுக்கு. சொன்னபடி நிக்காது" என்றார். எடுத்தது மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல், மூன்று மில்லிமீட்டர் கனம், முதுகுப் பகுதி. வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும், உறைக்கு ஆகாது. ஒரு துண்டை மடித்து, மேற்பரப்பு வெடிக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார்.

இந்தத் தோலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மயிர் போகச் சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் பின்னாளில் வாட்டில் பட்டைச் சாற்றிலும் போட்டு, கடுக்காயில் முடித்தெடுக்கும் தோல். வாரக்கணக்கில் ஆகிற வேலை. மதராஸிலிருந்து கப்பலேறி லண்டன் சந்தையில் கிழக்கிந்தியத் தோல் என்று பெயர் வாங்கியது. 'ஈ.ஐ. லெதர்' என்ற அந்தப் பெயருக்கு 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903இல் மதராஸில் குரோம் பதனீட்டுச் சோதனையைத் தொடங்கிய பிறகு, விரைவாக முடிகிற அந்த முறை மெல்ல மெல்லப் பரவியது. தோல் ஆலைக் கழிவுநீர் பாலாற்றங்கரையை என்ன செய்தது என்பதை, அதுபற்றிய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தவர்கள் அறிவார்கள்.

அந்தச் சோதனையில் சாட்டர்டன் கவனம் செலுத்திய பொருள்களில் ஒன்று கிணற்று இறைவைக்கான தோல். இதைச் சொன்னதும் பெரியவர் வேலையை நிறுத்திவிட்டார். "எங்கப்பா தைச்சது அதுதானுங்க."

தாராபுரத்துப் பக்கம் ஒரு கிராமம். மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலம். நீர் மொள்ளும் சாலில் கட்டும் தோல் வாலை அவருடைய அப்பா தைத்துக் கொடுப்பார். தண்ணீர் கசிந்தால் மாடு இழுத்தும் பயனில்லை. ஆகவே தையல் இழையிழையாய் இறுகியிருக்க வேண்டும். ஊர்க் கிணறுகள் எல்லாம் அவர் ஊசியை நம்பி இருந்தன. செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், தோல் உரிப்பதும், செருப்புத் தைப்பதும் அதே வீட்டின் தலையில்தான். கூலி பணமில்லை. களத்துமேட்டில் எல்லோரும் அள்ளிய பிறகு சில வள்ளம் சோளம். "எங்கப்பா தைச்ச தண்ணி வயலுக்குப் போகும். அதே கிணத்துல எங்கப்பா எறங்கி ஒரு வாய் தண்ணி மொண்டு குடிக்க முடியாதுங்க." பிறகு கரண்டு மோட்டார் வந்தது. கவலைக் கல் நின்ற இடத்தில் பம்ப்செட் அறை எழும்பியது. தையல் வேலை போயிற்று. கூலி போனது, இழிவு போகவில்லை. மகன் ரயிலேறிப் பெரியமேட்டுக்கு வந்து பெல்ட் பட்டறையில் சேர்ந்தார்.

அப்பாவிடமிருந்து கொண்டுவந்தது ஒரு குத்தூசி. கைப்பிடி மரம் கறுத்து வழவழவென்று இருக்கிறது. இரும்பு முனையைப் பலமுறை மாற்றியாயிற்று, பிடி மட்டும் அதே பிடி. முனை உருண்டையாக இல்லை. தட்டையாக, இரு பக்கமும் சரிந்து இருக்கிறது. உருண்டை ஊசி துளையைத் திறந்து வைத்துவிடும், தட்டை முனை போட்ட கீறல் நூலைச் சுற்றித் தானே மூடிக்கொள்ளும் என்றார். கசியாத தண்ணீர்த் தையலின் ரகசியமும் அதுவே.

வெட்டுவது, ஒட்டுவது, ஓரம் செதுக்குவதெல்லாம் சீக்கிரம் முடிந்தன. நான் உட்கார்ந்து பார்த்தது தையலைத்தான். இரு தோல் முகங்களுக்கு நடுவே, கத்தியின் வாய் படுகிற பக்கம், அதே தோலில் ஒரு நடுப்பட்டை வைத்தார். கத்தி உள்ளே போகும்போது வாய் படுவது இந்தப் பட்டையில்தான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கத்தி நூலை அறுத்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் உறை பிளந்து விரலோ தொடையோ போகும். நண்பரின் நைலான் உறையில் இல்லாமல் போனதும் இந்தப் பட்டைதான்.

தேன்மெழுகு தடவிய ஒரே நூல், இரு முனையிலும் இரண்டு ஊசிகள். குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைந்து வெளிவரும். பிறகு இரண்டு கையாலும் ஓர் இழுப்பு. இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். ஓர் இடத்தில் அறுந்தால் அடுத்தடுத்து விட்டுக்கொடுக்கும். இந்தத் தையலில் ஒரு கண் அறுந்தாலும் பக்கத்துக் கண் பிடித்து நிற்கும்.

தைத்த உறையைத் தண்ணீரில் முக்கியெடுத்து, கத்திக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றி உள்ளே செலுத்தி, பிடிக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் படிய வைத்தார். நிழலில் காய்ந்தால் தோல் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். காய்ந்த பிறகு பெரியவர் அதைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். கத்தி அசையவில்லை. பொத்தான் இல்லை, வார் இல்லை, தோலின் பிடிப்பு மட்டும்தான். அடியில் மழைநீர் வடிய ஒரு சிறு துளை. "வீட்டுக்குப் போனா வெளியே எடுத்து எண்ணெய் தடவி வைங்க. பட்டைத் தோலும் ஈரமும் இரும்பும் சேர்ந்தா கறுத்துப் போகும்" என்றார். கடுக்காயும் இரும்பும் சேர்த்து எழுதும் மை செய்த நம் முன்னோர்க்குத் தெரிந்த வேதியியல்தான் இது.

அவர் கேட்ட கூலி 700 ரூபாய். வழக்கமாக எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். தனியாகத் தேடி வருகிறவர்கள் அரிது. தரகர் மூலம் வரும் மொத்த வேலையில் ஓர் உறைக்கு 120 ரூபாய் என்றார். அதே உறை 'கைவினை' என்ற பெயரில் 1,800 ரூபாய்க்கு விற்பதை அவருடைய பேத்தி செல்போனில் காட்டியிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு முழுத் தோலை ரொக்கம் கொடுத்து வாங்கப் பெரியவரிடம் முதல் இல்லை. துண்டு துண்டாக விற்க மண்டி தயாரில்லை. தரகர் தோலைக் கடனாகத் தருகிறார். தோல் அவருடையது என்பதால் விலையும் அவர் சொல்வதே. வெட்டில் கொஞ்சம் வீணானால் கூலியில் பிடித்தம். தரகர் செய்வது வியாபாரம் என்று யாரேனும் சொல்லலாம். தைக்கத் தெரியாத, தோலின் முதுகையும் வயிற்றையும் பிரித்தறியாத ஒருவருக்குப் பெரும்பங்கும், அறிந்தவருக்கு எச்சமும் போனால் அதற்குப் பெயர் வியாபாரம் அல்ல. களத்துமேட்டில் கடைசியாக அள்ளிப் போட்ட சோளத்துக்கும் இந்த 120 ரூபாய்க்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நண்பரின் கத்தியில் கொல்லர் தன் முத்திரையை அடித்திருக்கிறார். உறையில் எந்தப் பெயரும் இல்லை. புவிசார் குறியீடு தோலுக்குக் கிடைத்தது, தைக்கும் கைக்குக் கிடைக்கவில்லை. அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அரசிடம் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான தாட்கோ இருக்கிறது. பெரியமேட்டில் பத்துப் பேர் சேர்ந்து தோல் வாங்கித் துண்டாகப் பங்கிட்டுக்கொள்ள ஒரு சிறு கிடங்கும், சுழல் கடனும் இருந்தால் தரகரின் பிடி பாதி தளர்ந்துவிடும். இதற்குப் பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை, மனம்தான் தேவை.

வாங்குகிற நமக்கும் பொறுப்பு உண்டு. கத்தி உறை வாங்கும்போது உள்ளே நடுப்பட்டை இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். அது உங்கள் உடம்புக்கு. பிறகு யார் தைத்தது, அவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். முடிந்தால் படியேறி நேரே தைப்பவரிடமே போங்கள், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள், ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்தையாவது பொறிக்கச் சொல்லுங்கள். நண்பர் அப்படிக் கேட்டபோது பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பொறித்தது தன் எழுத்தை அல்ல, அப்பாவின் எழுத்தை.